டெய்சி ஒருமுறை கொட்டிப் பூத்துவிட்டு நின்றுவிட்டது. மறுபடி பூக்க என்ன செய்யலாம்?

அல்லித்தண்டு

எல்லாருக்கும் வணக்கம். தோழி ஒருத்தி தந்த டெய்சி கன்றைப் போன வருடம் தரையில் நட்டேன். முதல் வருடம் முழுக்க வெறும் இலைதான். பூக்காத செடி போல என்று நினைத்தேன், ஆனால் பிடுங்க மனசு வரவில்லை. இந்த முறை கொட்டித் தீர்த்துவிட்டது. ஒருநாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன், 23 பூ. வெள்ளை இதழ், நடுவே மஞ்சள், ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிறைக்கும் அளவு. மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே நின்றது.

அப்புறம் ஒவ்வொன்றாக வாடி, இப்போது ஒரு மொட்டுகூடக் கிடையாது. செடிக்கு ஒன்றும் இல்லை, இலையெல்லாம் கரும்பச்சையாக இருக்கிறது. தினமும் தண்ணீர் விடுகிறேன். பத்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் யூரியா கரைத்து ஊற்றுகிறேன். வாடின பூக்களைப் பறிக்கவில்லை, அதுவாக உதிரட்டும் என்று விட்டிருக்கிறேன். இது வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்குமா, இல்லை என் பக்கம் ஏதாவது தவறா? ரகத்தின் பெயர் எனக்குத் தெரியாது.

வேர்முடிச்சு

வாடின பூவை வெட்டுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். இரண்டு வாரத்தில் மொட்டு வரும்.

கவாத்து

வேர்முடிச்சு தம்பி சொன்ன இரண்டும் சரி. இரண்டு வாரம் என்பது மட்டும் கொஞ்சம் அவசரக் கணக்கு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். டெய்சி என்ற ஒரே பெயரில் ஏழெட்டு வகைச் செடி உலவுகிறது. குடும்பம் ஒன்றுதான், சூரியகாந்தியும் சாமந்தியும் சேர்ந்த ஆஸ்டரேசி. குணம் ஒன்றில்லை. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் செடி போய்விடும். ஜெர்பெராவை ஷாஸ்டா மாதிரி கத்தரித்து அழுகவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பூவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, வெள்ளையும் மஞ்சளுமாக எல்லாம் ஒரே முகம்தான். இலையைப் பாருங்கள் அம்மா.

இலை தரையோடு தட்டையாகப் படுத்து, கரண்டி வடிவில் இருந்து, பூக்காம்பு ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தால் அது ஆங்கில டெய்சி, பெல்லிஸ். இலை நீளமாக, தடிப்பாக, ஓரம் ரம்பப்பல் மாதிரி இருந்து காம்பு முழங்காலுக்கு மேல் வந்தால் ஷாஸ்டா. அதையே சின்னதாக்கின மாதிரி இருந்து, அடியிலை காம்போடு கரண்டி போல, ஓரம் பிளவுபட்டிருந்தால் ஆக்ஸ்ஐ. இலை மெல்லியதாகச் சீவிவிட்டது மாதிரிப் பிரிந்து, அடித்தண்டு கட்டையாகிப் புதர்போல் நின்றால் மார்கரீட். பெரிய முரட்டு இலை, தண்டே இல்லாமல் நடுவிலிருந்து ஒற்றை ஒற்றைக் காம்பாகப் பூ வந்தால் ஜெர்பெரா. பூ சாயங்காலம் மூடிக்கொண்டு, இதழின் பின்பக்கம் வேறு நிறமாக இருந்தால் அநேகமாக ஆஸ்டியோஸ்பெர்மம் என்கிற ஆப்பிரிக்க டெய்சி.

உங்களுடையது எது?

அல்லித்தண்டு

இப்போதுதான் போய்ப் பார்த்தேன் அண்ணா. ரம்பப்பல் ஓரம், தடித்த இலை, விரலால் தேய்த்தால் வழவழப்பு. பூக்காம்பு முழங்காலைத் தாண்டி நிற்கிறது, அநேகமாக ஒவ்வொன்றிலும் நுனியில் ஒரே ஒரு பூ. அப்படியானால் ஷாஸ்டாவா?

கவாத்து

ஷாஸ்டாவேதான். நல்ல செய்தி, அது வருடாவருடம் நிலைத்து நிற்கும் செடி. முதல் வருடம் இலை மட்டும் விட்டதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. சின்னக் கன்று முதல் வருடம் வேரையும் தூரையும் கட்டிக்கொள்ளும். பூ பெரும்பாலும் இரண்டாம் வருடம்தான். பிடுங்காமல் பொறுத்திருந்தீர்களே, அதற்குத்தான் 23 பூ.

பழையநூல்

ஷாஸ்டாவின் கதை தெரிந்தால் அதை வளர்ப்பதும் எளிதாகும் என்பதால் சொல்கிறேன். இது காட்டில் தானாக இருந்த செடி இல்லை. கலிபோர்னியாவில் சான்டா ரோசாவில் லூதர் பர்பாங்க் என்ற தாவர வளர்ப்பாளர் பல வருடம் கலப்பு செய்து உருவாக்கி, 1901-இல் வெளியிட்டார். ஆக்ஸ்ஐ டெய்சியில் தொடங்கி, ஐரோப்பாவின் பெரிய வகைகள் இரண்டைச் சேர்த்து, கடைசியில் பளிச்சென்ற வெண்மைக்காக ஜப்பானிய டெய்சி ஒன்றையும் சேர்த்தார். பனி மூடிய ஷாஸ்டா மலையின் பெயரை வைத்தார்.

இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். கலப்பினம் என்பதால் இதன் விதையைப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வரும் என்று உறுதி கிடையாது. உயரம் மாறும், பூவின் அளவு மாறும். அதனால் விதைக்காகப் பூவைக் காயவிட்டிருந்தால் அதில் பெரிய லாபம் இல்லை அம்மா. இதே செடி இன்னொன்று வேண்டுமென்றால் தூர் பிரித்து நடுவதுதான் வழி.

கவாத்து

சரி, வெட்டுவதற்கு வருகிறேன். இந்தச் செடிக்கு அதுதான் பாதி வைத்தியம், ஆனால் எப்போது, எங்கே என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் எப்போது. அடுத்த முறை பூக்கும்போது ஒரு பூவை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான பூக்கள் கூடின ஒரு கொத்து. பள்ளிக்கூடப் பாடத்தில் சிரமஞ்சரி என்று படித்திருப்போம். வெள்ளை இதழ் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. அந்த மஞ்சள் புள்ளிகள் ஒரே நாளில் விரிவதில்லை. வெளி வட்டத்தில் தொடங்கி, ஒவ்வொரு வட்டமாக, நாளுக்கு நாள் உள்ளே போகும். புதிதாக விரிந்த டெய்சியின் நடு தட்டையாக, கொஞ்சம் பச்சை கலந்து, இறுக்கமாக இருக்கும். ஓரத்தில் மட்டும் ஒரு வளையம் பொலபொலவென்று மகரந்தத்தோடு நிற்கும். வளையம் நடுவைத் தொட்டுவிட்டால் முழு நடுவும் உப்பி, மேடாகி, விரல் வைத்தால் பஞ்சு போல இருக்கும். அந்தப் பூவின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு நிறம் மங்கி, பழுப்பாகி, இதழ் கீழே தொங்கும்.

வெட்ட வேண்டிய நேரம் அந்த மேடு பழுப்பாகத் தொடங்கும் நேரம். இதழ் முழுக்க உதிரும் வரை காத்திருந்தால் தாமதம். உள்ளே விதை பிடித்துவிட்டிருக்கும்.

விதை பிடித்தால் என்ன என்று கேட்கலாம். செடிக்குப் பூ ஒரு வழி, விதைதான் இலக்கு. விதை முற்றத் தொடங்கியதும் இலை சமைக்கும் சர்க்கரை அங்கே ஓடும். வளரும் விதையிலிருந்து கிளம்பும் ஹார்மோன்களும் புது மொட்டு வருவதைத் தணித்துவிடும். விதை ஆகும் முன் வெட்டிவிட்டால் அந்தச் சத்து தூருக்குத் திரும்பி, பக்கத்து மொட்டுகளை எழுப்பும். உங்கள் செடி 23 பூவையும் விதையாக்கிக்கொண்டு இருக்கிறது. களைத்துப் போகாமல் என்ன செய்யும்?

இனி எங்கே. பூத்தலையை மட்டும் கிள்ளிவிட்டு மொட்டைக் காம்பை நிறுத்தி வைப்பார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அந்தக் காம்பில் இனி ஒன்றும் வராது, காய்ந்து குச்சியாக நிற்கும், மழையில் அடிவரை அழுகல் இறங்கும். பூவிலிருந்து விரலைக் காம்பு வழியே கீழே இறக்குங்கள். நடுவில் சின்ன இலை ஒன்று வரும், அதன் கக்கத்தைப் பாருங்கள். அங்கே பச்சையாக ஒரு மணி மாதிரி பக்க மொட்டு இருந்தால் அதற்குச் சற்று மேலே, அரை விரற்கடை விட்டு வெட்டுங்கள். அது இரண்டாவது பூ. அப்படி எதுவும் இல்லையென்றால் தயங்காமல் அடியிலைக் கொத்து வரை இறங்கி வெட்டுங்கள். புதுக் காம்பு தூரிலிருந்துதான் வரும்.

கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும். கையால் இழுத்தால் தூரோடு பிய்ந்துவரும்.

இலைநுனி

அண்ணா, நான் மார்கரீட் வளர்க்கிறேன். முதல் முறை வாடின பூவென்று நினைத்து ஒரு கைப்பிடி மொட்டுகளை வெட்டி எறிந்துவிட்டேன், மறுநாள்தான் புரிந்தது. அன்று முழுக்க வருத்தமாக இருந்தது. புதிதாக வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்: சந்தேகம் வந்தால் இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். மொட்டு சட்டைப் பொத்தான் மாதிரி கெட்டியாக இருக்கும், மேல்புறம் மூடியிருக்கும் பச்சைச் செதில்களுக்கு நடுவே வெள்ளை நுனி எட்டிப் பார்க்கும். வாடின பூ அழுத்தினால் அமுங்கும், இதழ் சுருங்கித் தொங்கும் அல்லது ஒட்டிக்கொண்டிருக்கும்.

மார்கரீட்டில் சின்னச் சின்னதாக நூறு பூ வரும். ஒவ்வொன்றாக வெட்ட முடிவதில்லை. அதற்கு வேறு வழி உண்டா?

கவாத்து

உண்டு அம்மா. பெரிய அலை ஓய்ந்ததும் புதர் முழுவதையும் மூன்றில் ஒரு பங்கு கத்தரித்துவிடுங்கள். இருக்கிற இரண்டொரு பூ போகிறதே என்று பார்க்காதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: வெட்டு பச்சை இலை இருக்கும் பகுதியிலேயே நிற்கட்டும். அடியில் கட்டையாகிப் போன பழுப்புத் தண்டில் இறங்கி வெட்டினால் மார்கரீட் மறுபடி துளிர்ப்பது சந்தேகம். வெட்டினதும் தண்ணீரும் கொஞ்சம் உரமும் கொடுங்கள்.

பச்சைமை

உரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எலும்புத்தூள் போட்டால் எந்தப் பூச்செடியும் கொட்டிப் பூக்கும் என்று பல வருடமாகக் கேட்டு வருகிறேன், நானும் போடுகிறேன். அல்லித்தண்டு அக்காவும் ஒரு கைப்பிடி போட்டுப் பார்க்கலாமே?

மண்புழு

பச்சைமை, இதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். எலும்புத்தூளில் அதிகம் இருப்பது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். பல வருடம் உரம் போட்ட தோட்டத்து மண்ணில் அது பெரும்பாலும் தேவைக்கு மேலேயே கிடக்கும். இருக்கிற இடத்தில் மேலும் கொட்டினால் பூ கூடாது, இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளைச் செடி எடுப்பதுதான் கெடும். இன்னொன்று, எலும்புத்தூள் கரைய மண் புளிப்புத்தன்மையோடு இருக்க வேண்டும். கார மண்ணில் அது அப்படியே கிடக்கும்.

அக்காவின் செடியில் குறை என்று ஒன்றும் இல்லை, மிகைதான் இருக்கிறது. யூரியா முழுக்கத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். தழைச்சத்து கூடினால் செடி இலையைத்தான் பெருக்கும். கரும்பச்சை இலை, பூ இல்லை என்பதே அதற்கு அடையாளம். காம்பும் மென்மையாகிச் சாயும், அசுவினியும் அந்த இளந்தளிரைத் தேடி வரும். யூரியாவை விட்டுவிட்டு, வெட்டினதும் தூரைச் சுற்றி இரண்டு பிடி மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ தூவிக் கிளறிவிடுங்கள். ஷாஸ்டாவுக்கு அதுவே தாராளம். தொட்டியில் வளர்ப்பவர்கள் மட்டும், தண்ணீரோடு சத்து வடிந்துவிடுவதால், தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்தும் சமமாக உள்ள உரத்தைப் பாதி அளவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

பச்சைமை

கோபமெல்லாம் இல்லை. என் மண்ணை இதுவரை பரிசோதித்ததே இல்லை. செய்துவிட்டு மேற்கொண்டு போடுகிறேன்.

அல்லித்தண்டு

யூரியாவை இன்றோடு நிறுத்திவிட்டேன். தண்ணீர் தினமும் விடலாமா?

மண்புழு

தினமும் என்ற கணக்கே வேண்டாம் அக்கா. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் ஆழமாக ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தினம் தெளித்தால் வேர் மேலாகவே நின்றுவிடும், ஒரு வெயில் நாள் வந்தாலே துவண்டுவிடும். ஊற்றுவது காலையில், தூரடியில். இலை இரவு முழுக்க நனைந்திருந்தால் இலைப்புள்ளி நோய் வரும். ஷாஸ்டா வெயிலைத் தாங்கும், ஓரளவு வறட்சியையும் தாங்கும். தேங்கும் தண்ணீரை மட்டும் தாங்காது, குளிர்காலத்தில் அறவே தாங்காது.

அல்லித்தண்டு

நீங்கள் சொன்ன பிறகுதான் ஒன்று நினைவுக்கு வருகிறது. கன்று தந்த தோழியின் தாய்ச்செடி போன மழைக்குப் பிறகு கறுத்துச் செத்துவிட்டதாம். அவள் அதைத் தாழ்வான இடத்தில், தண்ணீர் வந்து நிற்கும் ஓரத்தில் வைத்திருந்தாள்.

மண்புழு

அதுதான் காரணம். வேருக்கு மூச்சு கிடைக்காது, அழுகல் பூஞ்சை ஏறிவிடும். தாழ்வான இடம்தான் இருக்கிறது என்றால் ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடச் சொல்லுங்கள்.

சிறகடி

வாடின பூவை எல்லாம் வெட்டுங்கள் என்று எல்லாரும் சொல்வதைப் படித்தால் எனக்கு ஒரு வருத்தம். எங்கள் தோட்டத்தில் காய்ந்த டெய்சித் தலைகளைத் தேடிச் சின்னப் பறவைகள் வரும். தலைகீழாகத் தொங்கி விதையைக் கொத்தும். நான் எதையும் வெட்டுவதில்லை. பூ கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கவாத்து

சிறகடி, அதுவும் நியாயம்தான். நான் இரண்டையும் செய்கிறேன். பருவம் நடக்கும் வரை வெட்டுவேன். கடைசி அலைப் பூக்களைத் தொடுவதில்லை, அவை காய்ந்து பறவைகளுக்கு நிற்கும். அந்த நேரத்தில் செடி எப்படியும் புது மொட்டு விடப்போவதில்லை, நமக்கும் நட்டமில்லை.

ஆனால் உங்களுடையது ஆக்ஸ்ஐ என்றால் தயவுசெய்து விதைக்கு விடாதீர்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், அடியில் வேர்க்கிழங்கு ஓடியும் பரவும். பூர்விகம் ஐரோப்பா. போன இடங்களில், வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், புல்வெளிகளை மூடி மற்றச் செடிகளை ஒழித்துக்கொண்டிருக்கிறது. வாசலில் அழகாக இருக்கிறதே என்று நாம் விடுவது வேலிக்கு அப்பால் போய்விடும்.

சிறகடி

இலையைப் பார்த்துவிட்டேன். என்னுடையது ரம்பப்பல் ஓரம்தான், ஷாஸ்டா. இனி பாதிச் செடியை வெட்டி, பாதியைப் பறவைகளுக்கு விடுகிறேன்.

தொட்டிவாசல்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்க வேண்டும். என்னுடையது ஜெர்பெரா, பால்கனித் தொட்டியில். வாங்கும்போது ஆறு பூ இருந்தது. பெரிய தொட்டிக்கு மாற்றி, செடி ஆடாமல் நிற்கட்டும் என்று கழுத்து வரை மண் அணைத்தேன். நான்கு மாதமாக இலை மட்டும், அதிலும் நடு இலைகள் கறுத்து வருகின்றன. பூவைக் காம்பின் நடுவில் கத்தரித்துத்தான் எடுத்தேன்.

கவாத்து

தொட்டிவாசல், இன்றைக்கே மண்ணை விலக்குங்கள். ஜெர்பெராவின் உயிர் அதன் நடுக்குருத்தில் இருக்கிறது, இலையும் மொட்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பும். அது மண்ணுக்குள் போனால் ஈரம் கோத்து அழுகும், நடு இலை கறுப்பது அதுதான். விரலால் மண்ணை மெதுவாகத் தள்ளி, குருத்து மண்மட்டத்துக்குச் சற்று மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். தண்ணீரைத் தொட்டி ஓரமாக ஊற்றுங்கள், குருத்தில் ஒரு சொட்டு நிற்கக் கூடாது. கறுத்த இலையைக் காம்போடு எடுத்துவிடுங்கள். குருத்தைத் தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா? கெட்டியாக இருந்தால் பிழைக்கும்.

பூ எடுப்பதிலும் ஜெர்பெரா வேறு ஜாதி. காம்பைப் பாதியில் வெட்டினால் மிச்சக் குழல் அழுகி, அழுகல் குருத்துக்கு இறங்கும். காம்பின் அடியைப் பிடித்து, பக்கவாட்டில் ஒரு திருகு திருகி இழுங்கள். அடியோடு டக்கென்று கழன்று வரும். கன்று இன்னும் வேர் பிடிக்காமல் ஆடுகிறது என்றால் மட்டும் அடியொட்ட வெட்டுங்கள்.

இலை அடர்ந்து குருத்தை மூடினாலும் மொட்டு வராது. கீழே இருக்கும் வயதான இலைகளை எடுத்து நடுவில் வெளிச்சம் விழச் செய்யுங்கள். குறைந்தது அரை நாள் வெயில் வேண்டும், கடும் வெயில் அடிக்கும் இடமென்றால் காலை வெயிலே போதும்.

மண்புழு

ஜெர்பெராவுக்கு மண்ணும் கொஞ்சம் புளிப்பாக வேண்டும், கார அமிலக் குறியீடு (pH) 5.5-லிருந்து 6.5-க்குள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது அடிக்கடி வரும். முடிந்தால் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள்.

தொட்டிவாசல்

மண்ணை விலக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கொழகொழப்பு, மறுபக்கம் கெட்டியாக இரண்டு குருத்து இருக்கிறது! அழுகினதைச் சுத்தமான கத்தியால் எடுத்துவிட்டுப் புது மண்கலவையில், மேலாக வைத்துவிட்டேன். நன்றி அண்ணா.

இலைநுனி

நுனி கிள்ளுவதைப் பற்றியும் யாராவது எழுதுங்களேன். கன்று ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் மார்கரீட் இரண்டு மடங்கு கிளைக்கிறது, கிளைக்கொரு பூ. இது எல்லா டெய்சிக்கும் பொருந்துமா?

கவாத்து

தண்டு உள்ளதற்கு மட்டும்தான். மார்கரீட், ஆஸ்டியோஸ்பெர்மம் இரண்டுக்கும் அருமையாகப் பொருந்தும். பெல்லிஸ், ஜெர்பெரா இரண்டுக்கும் தண்டே கிடையாது, அங்கே கிள்ளினால் குருத்தைத்தான் கிள்ளுவீர்கள்.

வேர்முடிச்சு

என் ஆஸ்டியோஸ்பெர்மம் ஊதா ரகம். குளிர் மாதங்களில் தொட்டியே தெரியாது, அவ்வளவு பூ. வெயில் ஏறினதும் அடியோடு நின்றுவிட்டது. வாடின பூவை ஒழுங்காக வெட்டியும் வரவில்லை. உரம் கொடுக்கலாமா?

கவாத்து

வேண்டாம் தம்பி, அது ஓய்வில் இருக்கிறது. இரவும் சூடாக இருக்கும் காலத்தில் ஆஸ்டியோஸ்பெர்மம் மொட்டு கட்டாது. அந்த நேரத்தில் உரம் கொடுத்துத் தள்ளினால் நோஞ்சான் தளிர்தான் வரும். மூன்றில் ஒரு பங்கு கத்தரித்து, மதிய நிழலில் வைத்து, மண் காய்ந்து போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு குளிர ஆரம்பித்ததும் அதுவாகத் தொடங்கும். பெல்லிஸும் இதே மாதிரி குளிர்ச் செடிதான், ஆனால் கடும் வெயிலில் அது ஓய்வெடுக்காது, செத்தே போகும். சூடான ஊர்களில் அதை ஒரு பருவச் செடியாக நினைத்து வளர்ப்பதே நிம்மதி.

பழையநூல்

வெயில், உரம், வெட்டு மூன்றும் சரியாக இருந்தும் பூக்காவிட்டால் இரவு வெளிச்சத்தையும் பாருங்கள். 1920-இல் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்து, பகலின் நீளத்தைச் செடி அளந்து பூக்கிறது என்று காட்டினார்கள். சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீண்டு, இருட்டாக இருந்தால்தான் மொட்டு கட்டும். தெருவிளக்கு நேராக விழும் சாமந்தி பூக்காமல் நிற்பது இதனால்தான். ஷாஸ்டா இதற்கு நேர் எதிர், நீள்பகல் செடி. பகல் நீளும்போது பூக்கும். ஆக ஷாஸ்டாவின் இரண்டாம் அலை வேண்டுமென்றால் பகல் நீளமாக இருக்கும்போதே முதல் அலையை வெட்டி முடிக்க வேண்டும். தள்ளிப் போட்டால் அடுத்த பருவம்தான்.

அல்லித்தண்டு

படித்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். பகல் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. 23 காம்பையும் பார்த்தேன். ஒன்பது காம்பில் இலைக் கக்கத்தில் பச்சை மணி இருந்தது! இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை. அவற்றை மேலாக வெட்டினேன், மற்றதை அடி வரை. ஒரு காய்ந்த தலையைக் கையில் நசுக்கிப் பார்த்தேன், சின்னச் சின்னதாகக் கோடு போட்ட விதைகள் கொட்டின. இரண்டு காம்பில் கறுப்பு அசுவினி ஒட்டியிருந்தது. வெட்டினதும் செடி மொட்டையாக நிற்கிறது, பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

மண்புழு

கஷ்டப்படாதீர்கள் அக்கா. அசுவினிக்கு வேகமான தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போகும். மிச்சத்துக்குப் பொறிவண்டு வருகிறதா என்று சில நாள் பாருங்கள். வரவில்லையென்றால் வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகு, தேனீ திரும்பிப் போன பிறகு தெளியுங்கள். இலையில் வெள்ளைக் கோடு பாம்பு மாதிரி ஓடினால் அது இலைக்குள் குடைந்து தின்னும் புழு, தெளிப்பதைவிட அந்த இலையைப் பறித்து அழிப்பது மேல்.

அல்லித்தண்டு (ஐந்து வாரம் கழித்து)

வந்துவிட்டது! ஒன்பது பக்க மொட்டில் ஏழு பூத்தது, இரண்டு காய்ந்துவிட்டது. தூரிலிருந்து நான்கு புதுக் காம்பு நிற்கிறது, மூன்றில் மொட்டு. பூ முதல் அலையைவிடச் சின்னதாக இருக்கிறது, ஆனாலும் பூ. காலையில் எழுந்ததும் லென்ஸை எடுத்துக்கொண்டு போய் மஞ்சள் வளையம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நேற்று ஒன்று நடுவைத் தொட்டுவிட்டது, இன்னும் நான்கைந்து நாளில் வெட்டுவேன்.

ஒரு சந்தேகம். புது இலை எல்லாம் சுற்று ஓரத்தில்தான் வருகிறது. செடியின் நடு காலியாக, தொட்டால் கட்டை மாதிரி இருக்கிறது. நோயா?

கவாத்து

இரண்டாம் அலை சின்னதாகத்தான் வரும், அதுதான் இயல்பு. முதல் அலை அளவுக்கு வருமென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நடு காலியாவது நோய் இல்லை, வயது. ஷாஸ்டாவின் தூர் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், பழைய நடு கட்டையாகிச் சாகும். உங்கள் தோழி தந்தது பழைய தூரிலிருந்து பிரித்த துண்டாக இருக்கும், அதனால் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட்டால்தான் ஷாஸ்டா தொடர்ந்து பூக்கும். என் அனுபவத்தில் வெட்டுவதற்கு அடுத்து முக்கியமானது இதுதான். இதைச் செய்யாதவர்கள்தான் நான்காம் வருடம் செடி போய்விட்டது என்று வருந்துகிறார்கள்.

இப்போது பூவில் இருக்கிறது, தொடாதீர்கள். இந்த அலை முடிந்து, வெயில் தணிந்ததும் செய்யுங்கள். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மொத்தமாக நெம்பி எடுங்கள். மண்ணை உதறினால் ஓரக் கன்றுகள் தனித்தனியாகத் தெரியும். கையால் பிரிகிறதைக் கையால், பிரியாததைக் கத்தியால். ஒவ்வொரு துண்டிலும் நாலைந்து இலையும் ஒரு கொத்து வெள்ளை வேரும் இருக்க வேண்டும். நடுக்கட்டையைக் குப்பைக்குழியில் போடுங்கள். பழைய ஆழத்துக்கே, ஒன்றரை அடி இடைவெளி விட்டு நடுங்கள். நெருக்கி நட்டால் காற்று ஓடாது.

அல்லித்தண்டு (மேலும் இரண்டு மாதம் கழித்து)

இன்று காலை பிரித்தேன். ஆறு துண்டு கிடைத்தது. நான்கை நட்டுவிட்டேன், ஒன்று சிறகடிக்குப் பிடிக்கும்படி வேலியோரம், வெட்டாமல் விடுவதற்கு. மிச்சம் இரண்டு, தாய்ச்செடியை இழந்த என் தோழிக்கு. மேடு கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குத்தான் கொண்டுபோக முடியும், அதுவரை தாங்குமா?

மண்புழு

தாங்கும் அக்கா. வேரை ஈரத்துணியில் சுற்றி, மேலே ஒரு பையைத் தளர்வாகப் போட்டு நிழலில் வையுங்கள். இலையைப் பாதியாக வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் வேர் பிடிக்கும் முன் இலை தண்ணீரை எல்லாம் விட்டுவிடும். நட்டதும் ஒரு வாரம் நிழல் கட்டச் சொல்லுங்கள்.